தறி நின்றதும் வந்த மாப்பிள்ளை

எனக்குப் பதற்றம் வந்தால் இரண்டு காரியம் செய்வேன். முதலில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவேன். பிறகு ஆங்கிலத்தில் பேச ஆரம்பிப்பேன். இரண்டுமே நிலைமையை இன்னும் கெடுக்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "ஒன் மினிட், ஒன் மினிட்" என்று நான் சொல்லத் தொடங்கினாலே அம்மா போய் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவாள்.

கம்ப்யூட்டருக்குள் இன்டர்நெட் வரவேண்டுமென்றால் மோடம் என்ற ஒரு அட்டையைச் செருகி, அதன் வாயில் டெலிபோன் ஒயரைக் கொடுக்கவேண்டியிருந்த காலம் அது. மோடம் நம்பரைச் சுற்றும். எதிர்முனையோடு கீச்சுக்குரலில் சண்டை போடும். சமாதானமானால் ஒரு இமெயில் வரும். சமாதானமாகாவிட்டால் வீட்டில் சண்டை வரும். அப்படி ஒரு மோடத்தை நான் மாட்டிய கதைதான் இது. என் தங்கையின் கல்யாணம் அந்த அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

தங்கைக்கு மஸ்கட்டிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. தரகர் கொடுத்த போட்டோவில் மாப்பிள்ளை ஒரு ஸ்டூடியோ அருவிக்கு முன்னால், தலை நிறைய முடியோடு நின்றுகொண்டிருந்தார். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமனிடம், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க, முடிவு சொல்லிடறோம்" என்று சொல்லியனுப்பிவிட்டார். முடிவு என்னவென்று அவருக்குத் தெரியும். தங்கைக்குத்தான் தெரியாது.

அவள் போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தறியில் தான் நெய்த புடவையில் இழை விட்டுப்போயிருக்கிறதா என்று அப்பா பார்ப்பாரே, அதே பார்வை.

"ணா, இந்தச் சட்டை காலரைப் பாரு. யானைக் காது மாதிரி கீது. நான் அஞ்சாங்கிளாஸ் படிக்கச்சொல்ல போட்டுகினு இருந்த காலர் இது. இந்தப் போட்டோ எப்ப எடுத்தது?"

"காலரைப் பாத்தா கல்யாணம் பண்ணிக்கப் போற?"

"ஆளைப் பாக்கணும்னுதான் சொல்றேன். இப்ப எப்படி கீறாரோ அப்படி. போட்டோ வந்தா சொல்றேன். வரலன்னா, மாமா எதிர்லயே வாணாம்னு சொல்லிடுவேன்."

சொன்னால் செய்கிறவள். அதனால் எங்கள் ஆரணியிலிருந்த ஒரே ப்ரவுசிங் சென்டருக்குப் போய், தரகர் கொடுத்த காகிதத்தில் இருந்த இமெயிலுக்கு அவள் சொன்னபடியே எழுதினேன்: 'இப்போது எப்படி இருக்கிறீர்களோ அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். தலை வாரவேண்டாம்.' மறுநாளே பதில் வந்தது. போட்டோ இணைக்கப்பட்டிருந்தது. ஆனால் திறக்க முடியவில்லை. சென்டர்காரர் என் தோளுக்கு மேலே தாடையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு அப்பாவைத் தெரியும், அப்பாவுக்கு அவரைத் தெரியும், இருவருக்கும் பாதி ஆரணியைத் தெரியும். அங்கே திறந்தால், படம் முழுதாக வருவதற்குள் பக்கத்துச் சேவூர் வரை சேதி போயிருக்கும்.

"நான்தான் முதல்ல பாக்கணும். ஊர் பாத்தப்புறம் எனக்கு இன்னாத்துக்கு?" என்றாள் தங்கை.

"நம்ம வீட்லயே வரவழைக்கிறேன், பாரு" என்றேன். ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவனின் நெஞ்சு அப்போது எப்படி நிமிர்ந்திருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் முதுகு வலிக்கிறது.

என்னிடம் இருந்தது ஒரு அரிசி மில் ஆபீஸிலிருந்து கழித்துப்போட்ட கம்ப்யூட்டர். மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு கைப்பிடித் தவிடு, இரண்டு பல்லி முட்டை ஓடு. வேலூரில் வாங்கிய மோடத்தை ஒரு காலிப் பள்ளத்தில் அழுத்திச் செருகினேன். மூடியை மூடி சுவிட்சைப் போட்டேன். மவுஸ் செத்துவிட்டது.

மோடத்தை எடுத்தால் மவுஸ் ஓடியது, வைத்தால் செத்தது. 'ஒன் மினிட்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி மூடியைக் கழற்றி, கண்ணில் பட்ட ஒயர்களை எல்லாம் பிடுங்கி மாட்டினேன். அதில் ஃப்ளாப்பி டிரைவின் ஒயரைத் தலைகீழாக மாட்டிவிட்டேன் போலிருக்கிறது. அதன் பச்சை விளக்கு அன்று எரிய ஆரம்பித்தது, அணையவே இல்லை. படத்தை வெளியே எங்காவது இறக்கி ஃப்ளாப்பியில் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு அந்த விளக்குதான் என் பதில்.

ஆலோசனை கேட்க வேலூர்க் கடைக்காரருக்குப் போன் போடவேண்டும். வீட்டில் இருந்தது ஒரே லைன், அதன் வால் மோடத்துக்குள் இருந்தது. எனவே தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன்.

"சார், மவுஸ் எந்த போர்ட்ல கீது? கம் ஒன்னா, கம் டூவா?" என்றார் கடைக்காரர்.

"பாத்துட்டு வரேன்."

வீட்டுக்கு ஓடினேன். பார்த்தேன். பூத்துக்கு ஓடினேன்.

"கம் ஒன், சார்."

"மோடம்?"

"பாத்துட்டு வரேன்."

விஷயம் இதுதான்: மவுஸும் மோடமும் ஒரே வாசல் வழியாகத்தான் போவேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தன. மோடம் அட்டையில் கடுகு அளவுக்கு ஒரு கறுப்புத் தொப்பி உண்டு. அதைப் பிடுங்கிப் பக்கத்து ஊசிகளில் மாட்டினால் மோடம் வேறு வாசலுக்குப் போய்விடும். மாட்டினேன். போய்விட்டது. மவுஸ் உயிர்த்தெழுந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து டயல் செய்தேன். 'டயல் டோன் இல்லை' என்றது கம்ப்யூட்டர். போனை எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோன் ரீங்காரமிட்டது. மறுபடி பூத்.

"நம்ம ஊரு டோன் அதுக்குப் புரியாது சார். 'டயல் டோனுக்காகக் காத்திரு'ன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக்கை எடுத்துடுங்க" என்றார் கடைக்காரர். பிறகு கொஞ்சம் கவலையாக, "ஏன் சார் இப்பிடி மூச்சு வாங்குது? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

டிக்கை எடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் மோடம் முதல் தடவையாக வாயைத் திறந்து கத்தியது. தறியில் இருந்த அப்பா, "எவன்டா பூனை வாலை மெதிச்சது?" என்று அங்கிருந்தே கேட்டார்.

கத்தி முடிந்தது. 'இணைந்தது' என்றது திரை. நான் இரண்டு கையையும் தூக்கினேன். கையை இறக்குவதற்குள் 'துண்டிக்கப்பட்டது' என்றது.

அதன்பிறகு நடந்ததை விவரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் விவரிக்கிறேன், ஏனென்றால் எனக்கு வெட்கம் ஜாஸ்தி நேரம் நிற்காது. இணைந்தது, துண்டித்தது. இணைந்தது, துண்டித்தது. நான் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மேஜையைக் கிழக்கே பார்த்துத் திருப்பினேன். டேபிள் ஃபேனை மோடத்துக்கு நேரே வைத்தேன். மானிட்டரின் தலையில் குங்குமம் வைத்தேன். மோடத்தோடு ஆங்கிலத்தில் பேசினேன். "ப்ளீஸ் கோஆப்பரேட்" என்று நான் கெஞ்சியதை அம்மா கேட்டுவிட்டு, "யார் வந்திருக்காங்க?" என்று எட்டிப்பார்த்தாள்.

மத்தியானம் ஒரு அதிசயம். இணைந்த லைன் அப்படியே நின்றது. நிமிஷக்கணக்கில் நின்றது. அந்தப் பொன்னான நேரத்தில் இந்தப் புத்திசாலி செய்த முதல் காரியம், சந்தோஷத்தை அம்மாவிடம் சொல்லச் சமையலறைக்கு ஓடியது. அங்கே அப்பா மோர்சாதத்தை முடித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இன்டர்நெட்டின் மகிமையை நான் விளக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது லைன் போயிருந்தது.

இடிந்துபோய் உட்கார்ந்தேன். "கம்ப்யூட்டரை மொத்தமா அழிச்சுட்டு மொதல்லேர்ந்து போடப் போறேன்" என்று சி.டி.யைக் கையில் எடுத்தேன்.

வாசற்படியில் உட்கார்ந்து ஜரிகையை ராட்டையில் சுற்றிக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள்.

"ணா, சும்மா இரு. ஒன்னு கவனிச்சியா? நைனா சாப்ட போனப்போ நின்னுச்சு. தறியில வந்து உக்காந்து பலகையை அடிச்சாரு, போயிடுச்சு."

"கம்ப்யூட்டருக்கும் தறிக்கும் இன்னா சம்பந்தம்? உனக்கு டெக்னிக்கலா ஒன்னும் தெரியாது."

"உனக்குத் தெரிஞ்சு இன்னா கிழிச்ச? இப்ப மறுபடியும் போடு. நான் சொல்றேன் பாரு."

போட்டேன். கீச்சு முடிந்தது, இணைந்தது. அடுத்த அறையில் அப்பா ஊடை இழை சுற்றிய நாடாவை ஓடவிட்டு, இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடித்தார். 'டக்.' துண்டிக்கப்பட்டது.

"டெக்னிக்கலா இன்னா சொல்ற?" என்றாள்.

வெளியிலிருந்து முன்னறை டெலிபோனுக்கும், அதே அறையிலிருந்த என் மேஜைக்கும் வந்த ஒயரை இருவரும் பிடித்துக்கொண்டு போனோம். அது தறி இருக்கும் அறையின் பொதுச்சுவர் வழியாக, ஒரு ஆணியில் சாய்ந்து வந்தது. அந்தச் சுவர் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொது. இந்தப் பக்கம் எங்கள் தறி, அந்தப் பக்கம் அவர்கள் தறி. ஆணிக்குக் கீழே ஒயரில் ஏதோ மின்னியது. டார்ச் அடித்துப் பார்த்தேன்.

ஜரிகை.

எப்போதோ எலி கடித்துத் துண்டாக்கிய டெலிபோன் ஒயரை யாரோ ஜரிகையால் இணைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்த இழையைச் சேர்க்கிற அதே முறுக்கு, வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுத் தேய்த்த அதே விரல் அடையாளம். கல்யாணப் புடவை முந்தானையில் போகவேண்டிய ஜரிகை எங்கள் டெலிபோனுக்குள் போயிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"நைனா, இது உங்க வேலையா?"

அப்பா தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்கினார். "எது? அதுவா? எலி கடிச்சுது. ஒயருக்குன்னு எவன் கடைக்குப் போயிகினு இருப்பான்? கைல ஜரிகை இருந்துது, முறுக்கிட்டேன். இன்னா இப்ப?"

"டெலிபோனுக்கு ஜரிகையா நைனா!"

"ஜரிகைல வெள்ளி கீதுடா! உங்க செம்புக் கம்பியைவிட ஒஸ்தி. உங்க அத்தை போன்ல பேசினா கேக்குதா இல்லியா?"

"கேக்குது."

"அப்புறம் இன்னாத்துக்குப் பேஜார் பண்ணிகினு கீற?"

அத்தை எதையும் மூன்று தடவை சொல்லுகிறவள். நடுவில் நாலு வார்த்தை விழுந்தாலும் நஷ்டமில்லை. மோடம் அப்படியில்லை, ரோஷக்காரன். ஒரு சொல் தவறினால் எழுந்து போய்விடுவான். பலகை அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் சுவர் அதிர்ந்து, ஆணி அதிர்ந்து, முறுக்கு இளகி, ஜரிகை ஒரு கண் சிமிட்டியது. அந்தச் சிமிட்டலில் மஸ்கட் மறைந்தது.

நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். தங்கை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"கையை வெக்காத! இருக்கிறதும் பூடும். நைனா, கொஞ்ச நேரம் தறியை நிறுத்தினா போதும்."

"வெளிச்சம் இருக்கச்சொல்ல தறியை நிறுத்தறதா? இன்னாத்துக்கு?"

நான் ஒரு பொய் தயார் செய்துகொண்டிருந்தேன். அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். போட்டோ, காலர், கடிதம், எல்லாவற்றையும். மாமா வருகிற நேரமாகிவிட்டது என்பதையும், போட்டோ வராவிட்டால் தான் சொல்லப்போகிற பதிலையும் சேர்த்தே சொன்னாள். அப்பா நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். வீட்டில் இனி ஏதோ வெடிக்கப்போகிறது என்று நினைத்தேன். என் வாய் தானாகவே "ஆக்சுவலி..." என்றது.

"தலை வாரவாணாம்னா எழுதின?" என்றார் அப்பா.

"ஆமா நைனா" என்றேன்.

"ம்" என்றார். நாடாவைப் பாவின் மேல் வைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஓடிப்போய் டயல் செய்தேன். இணைந்தது. இமெயில் பக்கம் கால்வாசி திறந்தது. 'டக்.' போயிற்று.

"நைனா!"

"நான் இல்லடா! கை இதோ கீது பாரு."

சுவருக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டுப் பெரியப்பா, எங்கள் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், அவர் பாட்டுக்குப் பலகையை அடித்துக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லலாம் என்றால் காரணம் கேட்பார். காரணத்தைச் சொன்னால் ப்ரவுசிங் சென்டரே தேவலை. நான் அறையின் நடுவில் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அப்போது பெரியப்பாவின் தறி தானாகவே நின்றது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தெருவே சாப்பிட எழுந்திருக்கும் மத்தியானம் தவிர, பகலில் ஒரு வீட்டுத் தறி திடீரென்று நின்று, சத்தமே இல்லாமல் இருந்தால், அந்த வீட்டில் ஒரு உயிர் போயிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர் தன் தறியை நிறுத்திவிட்டுப் போகவேண்டும். அவர் நிறுத்தியதைக் கேட்டு அடுத்தவர் நிறுத்துவார். யாரும் யாருக்கும் ஆள் அனுப்பத் தேவையில்லை. எங்கள் அப்பா வெள்ளிக்கிழமை வெளிச்சத்தில் தறியை நிறுத்தியது, பாவம், அந்தத் தெருவுக்கு வேறு எப்படிப் புரியும்?

பெரியப்பா தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அப்பாவின் கையைப் பிடித்தார். உதடு துடித்தது.

"யாரு தம்பி?"

"யாரும் இல்லண்ணா."

"மனசைத் தேத்திக்கோ. யாரு?"

அதற்குள் பெரியம்மா, அவருக்குப் பின்னால் எதிர் வீடு, அதற்குப் பின்னால் மேலண்டை வீடு என்று எங்கள் முன்னறை நிறைந்துவிட்டது. தெரு முழுவதும் மயான அமைதி. ஆணி அசையவில்லை. ஜரிகை கண் சிமிட்டவில்லை. மோடம் கத்தியது, இணைந்தது, நின்றது. நான் இமெயிலைத் திறந்து இணைப்பை அழுத்தினேன். யார் கண்ணுக்கும் தெரியாமல் தங்கை முதலில் பார்க்கவேண்டும் என்று தொடங்கிய காரியம், தெருவே கூடி நின்று பார்க்கிற காரியமாகிவிட்டது.

படம் மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாக இறங்க ஆரம்பித்தது. புடவை நெய்வது போலத்தான், ஆனால் அப்பாவைவிட மெதுவாக. முதலில் ஒரு சுவர். பிறகு ஒரு டியூப் லைட்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் மாமா வந்து சேர்ந்தார். கையில் பூவும் பழமும். வாசல் முழுக்கச் செருப்பு, உள்ளே முகம் தொங்கிய கூட்டம், பேச்சில்லை. மனிதர் பூப்பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நேரே அப்பாவிடம் வந்தார்.

"எனக்கு இப்பத்தாங்க தெரியும். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே."

"உக்காருங்க. உங்க பையன்தான் வந்துகினு கீறாரு" என்றார் அப்பா, திரையைக் காட்டி.

திரையில் தலை வந்தது. தலை என்றால் முடி என்று எதிர்பார்த்திருந்தோம். மெல்லிசாக ஒரு கோடு முடி வந்தது, அப்புறம் நெற்றி ஆரம்பித்தது. வரிக்கு வரி நெற்றி.

"இன்னாப்பா, இன்னும் நெத்திதான் வந்துகினு கீது?" என்றார் பெரியப்பா.

மாமா கைக்குட்டையால் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அங்க தண்ணி சரியில்லீங்க. இங்க வந்தா மொளைச்சுடும்."

நான் தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் புருவம் வந்தது. கண் வந்தது. தூங்கி எழுந்த கண், ஆனால் சிரிக்கிற கண். மூக்கு. மூன்று நாள் தாடி. அப்புறம் கழுத்து, கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் விரிந்த யானைக் காது காலர்.

"அதே சட்டை!" என்றாள் தங்கை. குரலில் சிரிப்பு வந்திருந்தது. "ணா, அதே சட்டை! இன்னும் போட்டுகினு கீறாரு!"

மார்பு வந்தது, வலது கை வந்தது, கையில் ஒரு குழம்புக் கரண்டி வந்தது. அடுப்படியில் நின்றபடி, எப்படி இருந்தாரோ அப்படியே எடுத்து அனுப்பியிருக்கிறார். தலையும் வாரவில்லை. வாருவதற்கு அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.

பெரியப்பாவுக்குச் செத்தவர் யாரும் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. "இதுக்கா வேலைய கெடுத்துகினு வந்தேன்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் 'டக்' என்று ஒரு அடி. கரண்டிக்குக் கீழே மாப்பிள்ளை நின்றுவிட்டார்.

"ஒன் மினிட், ஒன் மினிட்" என்று நான் எழுந்தேன்.

"வாணாம்ணா. போதும்" என்றாள் தங்கை. பிறகு அப்பாவைப் பார்த்து, "சரின்னு சொல்லிடுங்க நைனா" என்றாள்.

"கால் கீதா இல்லியான்னு பாக்கவாணாமா?"

"நடந்து வரட்டும், பாத்துக்கறேன்."

மாமா முதுகுக்குப் பின்னாலிருந்து பூவை எடுத்தார். கொஞ்சம் கசங்கியிருந்தது. அழுவதற்குத் தயாராக வந்திருந்த பெரியம்மா, வந்த அழுகையை வீணாக்காமல் சந்தோஷத்தில் அழுதாள். அம்மா எல்லோருக்கும் காப்பி போடப் பால் போதுமா என்று பதறிக்கொண்டு உள்ளே ஓடினாள். மோடத்தைச் சரிசெய்தது நான்தான் என்று வந்தவர்களிடம் அன்றே சொல்லிவைத்தேன். இன்றுவரை யாரும் மறுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மாப்பிள்ளை இரண்டு காலோடுதான் வந்தார். முடி மட்டும் முளைக்கவில்லை. குழம்பு நன்றாக வைப்பார்.

இப்போது அவர்கள் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பேசுகிறார்கள். டெலிபோனும் இல்லை, ஒயரும் இல்லை, பொதுச்சுவரில் அந்த ஆணி மட்டும் காலண்டரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் கைப்பேசி அடித்து, திரையில் தங்கை முகம் வந்ததும் அப்பா நாடாவைப் பாவின் மேல் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்கிறார். "இதுக்கும் தறிக்கும் சம்பந்தமே இல்ல நைனா, நீங்க பாட்டுக்கு நெய்யுங்க" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"உனக்கு டெக்னிக்கலா ஒன்னும் தெரியாது" என்கிறார்.

எங்கள் தறி நின்றதும் சுவருக்கு அந்தப் பக்கமும் நிற்கிறது. பெரியப்பாவுக்கு இப்போது எழுந்து வர முழங்கால் ஒத்துழைப்பதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் வருகிறது.

"தம்பி! யாரு?"

"பொண்ணு பேசிகினு கீதுண்ணா!"

"அப்ப சரி" என்கிறார் பெரியப்பா. ஆனால் அவள் பேசி முடிக்கும்வரை அவரும் பலகையை அடிப்பதில்லை.